டிரில் வாங்கும் முன் எர்த் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் வந்த இரண்டாவது வாரத்தில் சுவரில் ஓட்டை போடும் வேலை தொடங்கிவிடும். பைபர் கேபிள் உள்ளே வர ஓர் ஓட்டை, ரவுட்டரை மாட்ட இரண்டு ஓட்டை, ஸ்பீக்கருக்கும் புத்தகத்திற்கும் ஒரு பலகை அடிக்க நான்கு ஓட்டை. தச்சரையோ எலக்ட்ரீஷியனையோ இதற்காகக் கூப்பிட்டால் வர மாட்டார். வந்தாலும் டிரில் விலையில் பாதியைக் கூலியாகக் கேட்பார். எனவே நாமே ஒரு டிரில்லிங் மெஷினை வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

டிரில்லை எப்படிப் பிடிப்பது, எந்த பிட் போடுவது என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை டிரில்லைப் பற்றியே பேசுகின்றன. என் கருத்து வேறு. வீட்டில் டிரில் ஆபத்தாவதற்கு முக்கியக் காரணம் நம் கையில் இருக்கும் மெஷின் அல்ல. சுவருக்குள் மறைந்திருக்கும் ஒயரும், மண்ணுக்குள் மறைந்திருக்கும் எர்த்தும்தான். இவை இரண்டையும் பார்க்காமல் டிரில் வாங்கக் கூடாது என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான்காவது ஓட்டை

எங்கள் ஊர் பனமலை. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டை இருக்கும் வட்டாரத்தில் உள்ள சிற்றூர். ஒரு பெரிய ஏரியும், மலைமேல் ராஜசிம்ம பல்லவன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலும் உண்டு. நான் வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் டேபிளுக்கு மேலே ஒரு பலகை அடிக்க நினைத்தேன். இம்பாக்ட் டிரில் ஒன்றை வாங்கி, 8 மி.மீ. கான்கிரீட் பிட்டை மாட்டி வேலையைத் தொடங்கினேன்.

மூன்று ஓட்டை அழகாக விழுந்தன. நான்காவது ஓட்டை சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, ஒன்றரை அடி உயரத்தில். பிட் இரண்டு அங்குலம்கூட உள்ளே போகவில்லை. டப் என்று ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு வெளிச்சம். அறை இருண்டது. டேபிளுக்கு அடியில் யூ.பி.எஸ். மட்டும் பீப், பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. "கரண்ட் போயிடுச்சாப்பா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வயரிங் செய்யும் அண்ணன் ஒருவர் மாலையில் வந்தார். ஓட்டையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"தம்பி, சுவிட்ச் போர்டுக்கு நேரா மேல யாராவது ஓட்டை போடுவாங்களா? பைப்பு அந்த வழியாத்தானே இறங்கும்?"

"மறந்துட்டேன் அண்ணே. ஆனா எம்.சி.பி. விழுந்துடுச்சே, அதுதானே காப்பாத்துச்சு?"

"அது இல்ல தம்பி. பேஸ், நியூட்ரல் ரெண்டு ஒயரும் பிட்டுல பட்டு ஷார்ட் ஆனதால எம்.சி.பி. விழுந்துச்சு. பேஸ் மட்டும் பட்டிருந்தா ஒண்ணும் விழுந்திருக்காது. பிட்டுல கரண்ட் சும்மா நின்னுக்கிட்டிருக்கும். மெஷின் பிளக்குல எத்தனை பின்?"

"ரெண்டு."

"அதான் தப்பிச்சீங்க. இது டபுள் இன்சுலேஷன். எங்கிட்ட இருக்கிற பழைய இரும்பு மெஷினா இருந்தா கதையே வேற."

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நடுவில் சொன்னார்: "பிரிட்ஜைத் தொட்டாக்கூட சுருக்குனு இருக்கு. ரெண்டு வருஷமா செருப்பு போட்டுக்கிட்டுத்தான் திறக்கிறேன்."

அண்ணன் கையில் இருந்த டெஸ்டரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்புறம் போனார். எர்த் பைப்பில் முறுக்கி வைத்திருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எத்தனை நாளாக அறுந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான் நான்கு வருடம் இன்ஜினீயரிங் படித்தவன். என் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொடும்போதும் அதே சுருக் வந்திருக்கிறது. ஏதோ ஸ்டேட்டிக் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

கேபினெட் சொல்லும் செய்தி

புதிய வாசகர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வெறுங்காலில் நின்று கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டால் ஒரு கூச்சம் தெரியும். இதற்குக் காரணம் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட அதன் உள்ளே சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை ஒரு மிகச் சிறிய அளவு கரண்டை எர்த் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் இல்லையென்றால் கேபினெட் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். நீங்கள் தொட்டால் அந்தச் சிறு கரண்ட் உங்கள் வழியாகப் போகும்.

அந்தக் கூச்சம் தனியாக ஆளைக் கொல்லாது. ஆனால் "உன் வீட்டில் எர்த் இல்லை" என்று கம்ப்யூட்டர் உங்களுக்கு அனுப்பும் செய்தி அது. எரர் மெசேஜ் வந்தால் படிக்காமல் ஓகே அழுத்துகிறோமே, அதே பழக்கத்தில்தான் இந்தச் செய்தியையும் தாண்டிப் போகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வீட்டில் எல்லா மூன்று பின் பாயின்டுகளின் எர்த் ஒயரும் ஒன்றாகச் சேர்ந்தே மண்ணுக்குப் போகின்றன. மண்ணில் இணைப்பு அறுந்துவிட்டால், அவை எல்லாம் தங்களுக்குள் மட்டும் இணைந்திருக்கும். அப்போது பிரிட்ஜில் ஒரு கசிவு என்றால் அது கம்ப்யூட்டர் கேபினெட், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என எல்லாவற்றின் உடம்புக்கும் வந்து சேரும். எர்த் இல்லாத வீட்டில் ஒரு இரும்பு உடம்பு டிரில்லை மூன்றாவது பின்னில் நம்பிக்கையோடு சொருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாறை ஊரின் கணக்கு

"சரி, எர்த் கம்பியைக் கட்டிவிட்டால் முடிந்ததா?" என்று அண்ணனைக் கேட்டேன். "நம்ம ஊருல முடியாது தம்பி" என்றார். அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது.

பனமலையிலும் செஞ்சிப் பக்கத்திலும் கொஞ்சம் தோண்டினாலே பாறை வரும். பல்லவன் கோயிலையும் செஞ்சிக் கோட்டையையும் தாங்கி நிற்கும் அதே பாறைதான் எங்கள் எர்த் பைப்பை ஆழமாக இறங்க விடுவதில்லை. ஈரமான களிமண்ணில் கரண்ட் எளிதாக இறங்கும். காய்ந்த பாறை நிலத்தில் இறங்காது. உப்பும் கரியும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றினாலும் எர்த் ரெசிஸ்டன்ஸ் அதிகமாகவே இருக்கும்.

உதாரணத்துக்கு அது 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெஷினின் பேஸ் ஒயர் அதன் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியாகப் போகும் கரண்ட் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. 10 ஆம்பியர். அது விழாது. மெஷின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

மனித உடம்புக்கோ ஆம்பியர் கணக்கே தேவையில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகும். அதிலும் டிரில்லின் டிரிக்கரைப் பிடித்திருக்கும் விரல் இறுகினால் மெஷின் நிற்காமல் ஓடும். 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் நெஞ்சு வழியே போனால் இதயத் துடிப்பே குலைந்துவிடும். 100 மில்லி ஆம்பியர் என்பது 10 ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஷார்ட் சர்க்யூட்டிலும் ஓவர்லோடிலும் ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

ஆளைக் காக்க வேறொரு கருவி உண்டு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், கரண்ட் வேறு வழியில், ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் கருவியாக இருந்தால் அந்த அளவு கசிவுக்கு 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டிலும் இது வேலை செய்யும். பாறை ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் ஒருசேரத் தொட்டால் ஆர்.சி.சி.பி.யால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அது சாதாரண லோடு போலத்தான் தெரியும். எனவே இது இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

சட்டமும் நம் சோம்பலும்

மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளிலேயே மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி பற்றி இருந்தது. ஆனால் குறைந்த லோடு உள்ள வீடுகளுக்கு அதில் விலக்கு தரப்பட்டிருந்தது. விதிமுறைகள் 2023-ல் புதிதாக எழுதப்பட்டன. தமிழ்நாடு மின்வாரியமும் தன் பாதுகாப்பு அறிவுரைகளில் வீடுகளில் இதைப் பொருத்தச் சொல்கிறது. என்றாலும் பழைய வீடுகளின் பலகையைத் திறந்து பாருங்கள். பலவற்றில் இருக்காது.

எனக்கு வருத்தம் இங்கேதான். பெரிய வீட்டுக்காரர் கட்டும்போதே எல்லாவற்றையும் போட்டுவிடுவார். பழைய வயரிங், துருப்பிடித்த எர்த், மூன்றாவது பின்னை உடைத்த பிளக், தீக்குச்சி சொருகிய சாக்கெட் எல்லாம் சின்ன வீட்டில்தான் இருக்கும். தவணையில் முதல் கம்ப்யூட்டர் வருவதும் அந்தச் சின்ன வீட்டுக்குத்தான். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர் வீட்டில்தான் அது இல்லை.

விலை ஒரு காரணமா? இரண்டு போல் ஆர்.சி.சி.பி. ஒன்று ஒரு சாதாரண டிரில்லின் விலைக்குப் பக்கத்தில்தான் வரும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிரில்லைத் தள்ளிப்போடுங்கள். பலகை இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடும்.

எங்கள் வீட்டில் இதைப் பொருத்திய அன்று மாலையே மூன்று முறை விழுந்தது. "இது வந்ததிலிருந்து அடிக்கடி கரண்ட் போவுது. எடுத்துடச் சொல்லுப்பா" என்றார் அம்மா. பலர் வீட்டில் கதை இதோடு முடிந்துவிடும். எலக்ட்ரீஷியனே ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தோம். பிரிட்ஜைப் பிடுங்கியதும் நின்றது. அம்மாவை இரண்டு வருடமாகச் செருப்பு போட வைத்த கசிவு அதுதான். ஆன்டிவைரஸ் அடிக்கடி எச்சரிக்கிறது என்று ஆன்டிவைரஸையே நீக்கிவிடுவோமா? வைரஸைத்தானே தேடுவோம். இதுவும் அப்படித்தான். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் நியூட்ரல் ஒயர்கள் கலந்திருந்தாலும் இது விழும். அதைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஓட்டை போடும் அன்று

வீடு தயாரான பிறகு டிரில்லுக்கு வருவோம். மெல்பர்னில் 1889-ல் முதல் மின்சார டிரில் பேட்டன்ட் ஆனபோது அது கையில் தூக்கும் பொருளாக இல்லை. ஜெர்மனியின் பெயின் நிறுவனம் 1895-ல் அதைக் கைக்குக் கொண்டுவந்தது. பிளாக் அண்டு டெக்கர் 1917-ல் துப்பாக்கி போன்ற பிடியும் டிரிக்கரும் வைத்து பேட்டன்ட் வாங்கியது. நூறு வருடங்களுக்கு மேலாக அந்த வடிவம் மாறவில்லை. அவ்வளவு எளிதாகப் பிடிக்க முடிவதால்தான் நாம் யோசிக்காமல் அழுத்திவிடுகிறோம். கீழே உள்ளவற்றை மட்டும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

1. சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சுவரில் உள்ள லைட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும், இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்கள். குளியலறைக்குப் பின்புறச் சுவர் என்றால் தண்ணீர்க் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பயன்படுத்தும் சாதாரண டெஸ்டர் சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காட்டாது.

2. ஓட்டை போடும் அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து மூன்று கோர் எக்ஸ்டென்ஷனில் மின்சாரம் எடுங்கள். சுவரில் வேறு அறையின் ஒயரும் ஓடலாம் என்பதால் முதல் விதியை இதற்காக விட்டுவிடாதீர்கள்.

3. மெஷினில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கிறதா பாருங்கள். அதுதான் டபுள் இன்சுலேஷன். இரண்டு பின் இருந்தால் போதும். அடையாளம் இல்லாத இரும்பு மெஷின் என்றால் மூன்று பின்னும் உயிருள்ள எர்த்தும் கட்டாயம். எந்த மெஷின் ஆனாலும் பிளாஸ்டிக் பிடியைத் தவிர வேறெங்கும் கை வைக்காதீர்கள். பிட் ஒயரில் பட்டால் அதைப் பிடித்திருக்கும் சக் முழுவதும் கரண்ட் வரும்.

4. டிரில்லை ஒருபோதும் கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ்.ஸில் சொருகாதீர்கள். 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். சாதாரண இம்பாக்ட் டிரில்லே 500, 600 வாட் கேட்கும். யூ.பி.எஸ். போவதோடு, சேமிக்காத பைலும் போகும்.

5. வேலைக்கு முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, துணியால் மூடிவிடுங்கள். செங்கல், சிமென்ட் தூளை கேபினெட் பேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பை போல மடித்து ஒட்டினால் பாதித் தூள் அதிலேயே விழும். இந்தத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

6. கண்ணாடி அணியுங்கள். படிக்கும் கண்ணாடி போதாது. பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

7. லுங்கி, துப்பட்டா, தொங்கும் முந்தானை, கையில் கட்டிய கயிறு, தளர்ந்த துணிக் கையுறை எதுவும் வேண்டாம். சுழலும் பிட்டில் நூல் சிக்கினால் கையும் சேர்ந்து போகும். நீண்ட கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

8. கம்ப்யூட்டர் நாற்காலி மேல் ஏறாதீர்கள். அதற்குச் சக்கரம் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூலும் வேண்டாம். உறுதியான ஏணியும், பிடித்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

9. பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சக் சாவியை எடுத்துவிட்டீர்களா என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். பிட் கம்பியில் சிக்கினால் மெஷின் மணிக்கட்டைத் திருகிவிடும்.

பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் டிரில் வாங்கினால் ஒயர் தொல்லை இல்லை, உண்மைதான். ஆனால் அதன் பிட்டுக்கும் சுவருக்குள் இருக்கும் பேஸ் ஒயர் ஒன்றுதான்.

எர்த்தைச் சோதிப்பதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் பைப் வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூலி வீண் செலவல்ல.

இப்போது எங்கள் வீட்டில் பலகை இருக்கிறது. ஓர் அடி தள்ளி அடித்திருக்கிறோம். பிரிட்ஜைப் பழுது பார்த்துவிட்டோம். அம்மா வெறுங்காலோடு அதைத் திறக்கிறார். நான்காவது ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தாலும் அதன் தடம் மறையவில்லை. சுவரில் கன்ட்ரோல் இசட் கிடையாது.

கடைசியாக ஒன்று. ஆர்.சி.சி.பி.யில் டி என்று எழுதிய ஒரு சிறிய பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லை என்றால் கருவி பழுது, மாற்றிவிடுங்கள். இதை எப்போது செய்வது என்று மறந்துவிடும். எனவே ஒரு வழி சொல்கிறேன். மாதாமாதம் இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளில் அந்தப் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். அதற்கு முன் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் பைல்களை மறக்காமல் சேவ் செய்துவிடுங்கள்.